சோரியாசிஸ்: தொற்றாத நோயும் தொற்றிக்கொள்ளும் அச்சமும்

திருமலையில் முடி காணிக்கை செலுத்தும் இடத்திற்குக் கல்யாணகட்டா என்று பெயர். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி ஆயிரக்கணக்கானோர் அங்கு நாள்தோறும் தலை மழித்துக்கொள்கின்றனர். அவ்வரிசையில், உச்சந்தலையிலும் காதோரத்திலும் வெண்ணிறச் செதில் படிந்த ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். துண்டை எடுத்துத் தலையைக் காட்ட அவர் தயங்குகிறார். அவர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இந்நோய் மழிப்பவருக்கோ பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கோ பரவுமா என்பது ஒன்று. கத்தி பட்டால் தமக்கு நோய் மிகுமா என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடை, ஒருபோதும் பரவாது என்பதாகும். இரண்டாவதற்கு விடை, சிலருக்கு மிகக்கூடும், ஆகவே கவனம் வேண்டும் என்பதாகும்.

உண்மை இவ்வாறிருக்க, ஊரார் அஞ்சுவது முதலாவதற்கே. இரண்டாவதை நோயாளிக்கு எடுத்துச் சொல்வார் அரியர். சோரியாசிஸ் பற்றிய அறிவு எங்கே குறைபட்டிருக்கிறது என்பதை இவ்வொரு காட்சியே புலப்படுத்தும். சித்த மருத்துவர் காளாஞ்சகப் படை என்று வழங்கும் இந்நோயால் விளையும் துன்பத்தில் ஒரு பகுதி தோலிலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி தவறான பெயராலும் தவறான மருந்தாலும் வருகிறது. முதற்பகுதியைத் தணிக்க மருத்துவர் வேண்டும். இரண்டாம் பகுதியை நீக்க, கற்றோரும் அலுவலரும் முனைந்தாலே போதும்.

நோயின் இயல்பு

மனிதத் தோலின் மேற்படலம் இடையறாது புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அடித்தளத்தில் தோன்றும் உயிரணு மேலெழுந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸ் கண்ட இடத்தில் இப்பணி சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, சிவந்து தடித்த திட்டின்மேல் வெள்ளிநிறச் செதிலாகப் படிகின்றன. முழங்கை, முழங்கால், இடுப்பின் பின்புறம், தலை ஆகியவை இந்நோய் விரும்பும் இடங்கள். நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் தோன்றுவதும் உண்டு. செதிலைச் சுரண்டினால் புள்ளி புள்ளியாகக் குருதி கசியும்.

இதற்குக் காரணம் கிருமியன்று; நோய் எதிர்ப்பு அமைப்பின் பிறழ்ச்சியே. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் தவறாகத் தூண்டப்பட்டு, அழற்சியை உண்டாக்கும் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றின் ஏவலால் தோலணுக்கள் விரைந்து பெருகுகின்றன. இப்பிறழ்ச்சிக்கு இடந்தரும் இயல்பு பரம்பரையாக வரக்கூடும். எனினும் பெற்றோருக்கு இருப்பின் பிள்ளைக்குக் கட்டாயம் வரும் என்பதில்லை. விதை இருந்தாலும் அது முளைக்க ஒரு தூண்டுதல் வேண்டும். தொண்டைப் புண், மன அழுத்தம், மது, புகை, உடற்பருமன், பனிக்கால வறட்சி ஆகியன அத்தகைய தூண்டுதல்கள். மனநோய்க்குத் தரப்படும் லித்தியம், குருதியழுத்தத்திற்கான சில மாத்திரைகள், மலேரியாவுக்கான குளோரோகுயின் ஆகிய மருந்துகளும் நோயைக் கிளறலாம். ஆதலின் வேறு நோய்க்கு மருத்துவரிடம் செல்லும்போதும் தமக்குச் சோரியாசிஸ் உண்டு என்பதை நோயாளி தெரிவித்தல் வேண்டும்.

காயம் பட்ட இடத்தில் புதிய திட்டு எழுவது இந்நோயின் தனித்தன்மை. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் 1872-இல் இதனை எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே இவ்வியல்பு இன்றும் வழங்கப்படுகிறது. கீறல், சிராய்ப்பு, பச்சை குத்துதல், தீப்புண், இறுக்கமான ஆடையின் உராய்வு ஆகிய எதுவும் இதற்குப் போதும். கல்யாணகட்டாவில் எழுந்த இரண்டாவது வினாவிற்கு விடை இதில் அடங்கியுள்ளது. நோய் தணிந்திருக்கும் காலத்தில் தலை மழிக்கத் தடையில்லை. முந்திய நாளே எண்ணெய் தடவிச் செதிலை மென்மையாக்கிக்கொள்ளலாம். புதிய பிளேடு கொண்டு, அழுத்தாமல், கீறல் படாமல் மழிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். நோய் சீறியெழுந்து தோல் வெடித்திருக்கும் காலத்திலோ காணிக்கையைத் தள்ளிவைப்பதே நன்று.

சித்தூர்ப் பகுதியின் தொழில்களோடும் இவ்வியல்பு தொடர்புடையது. மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைகளில் ஈரத்திலும் பழச்சாற்றிலும் கைகளை நனைத்தபடி நாள் முழுதும் உழைப்போர் உளர். நகரி, நாராயணவனம் போன்ற ஊர்களில் தறியோடு வாழ்வோர் உளர். நிலக்கடலைக் காட்டில் வெறுங்காலோடு நிற்போரும் உளர். இவர்களுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நோய் வருமாயின், உழைப்பே அதனை மேலும் தூண்டும். வெடித்த கையால் பழம் அரியவோ நூலைப் பற்றவோ இயலாது. உடற்பரப்பில் மிகச் சிறிய பகுதியையே நோய் பற்றியிருந்தாலும் கூலி முழுவதும் போய்விடும். எனவே நோயின் கடுமையைத் திட்டுகளின் பரப்பைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. வாழ்வுக்கு நேர்ந்த இடையூற்றைக் கொண்டும் அளத்தல் வேண்டும்.

தொழுநோயோடு நேர்ந்த குழப்பம்

சோரியாசிஸ் நோயாளியை ஊர் விலக்குவதற்கு முதற்காரணம் அதனைத் தொழுநோய் என மயங்குவதே. இம்மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் இவ்விரண்டும் ஒன்றாகவே கருதப்பட்டன. ஆங்கில மருத்துவர் ராபர்ட் வில்லன் 1808-இல் வெளியிட்ட நூலில் சோரியாசிஸின் வடிவங்களைத் தெளிவாக விவரித்தார். ஆயினும் தொழுநோயைக் குறிக்கும் சொல்லை அவரும் கைவிடவில்லை. வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா 1841-இல்தான் அச்சொல்லை நீக்கி, இது வேறு நோய் என நிலைநாட்டினார்.

மருத்துவ நூல்களில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் தீர்ந்த இக்குழப்பம் ஊர்களில் இன்னும் தீரவில்லை. இதனைத் தீர்க்கும் வழியைக் காட்டும் நிலையம் ஒன்று சித்தூருக்கு அண்மையிலேயே இருக்கிறது. சித்தூரிலிருந்து வேலூர் 35 கிலோமீட்டர் அளவே. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தேய்வதற்கு உணர்விழப்பே காரணம் என்று உலகுக்கு உணர்த்தினார். உணர்வற்ற கை சூட்டையும் வெட்டையும் அறியாது. அறியாத காயம் ஆறாது.

அவ்வுணர்விழப்பே இரு நோய்களையும் பிரித்தறியும் திறவுகோலும் ஆகும். தொழுநோய்த் திட்டு பெரும்பாலும் உணர்வு குன்றியிருக்கும், அங்கு வியர்வையும் மயிரும் குறையும், அரிப்பு இராது. சோரியாசிஸ் திட்டில் தொடுவுணர்வு முழுமையாக இருக்கும், செதில் மிகுந்திருக்கும், அரிப்பு பலருக்கு உண்டு. கண்களை மூடச்செய்து, பஞ்சுத் திரியாலோ பேனா முனையாலோ மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டும்படி கேட்டால் கிராமச் சுகாதாரப் பணியாளரும் முதற்கட்ட வேறுபாட்டை அறியலாம். முடிவான கூற்று மருத்துவருடையது. ஆயினும் அச்சொல் வரும்வரை நோயாளியின் மீது எந்தப் பெயரையும் ஒட்டாதிருத்தல் பணியாளரின் கடமை.

சோரியாசிஸ் தொழுநோயன்று என்று கூறும்போது தொழுநோயாளர் விலக்கத்தக்கவர் என்ற பொருள் தொனித்தல் ஆகாது. தொழுநோயும் இன்று கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாவது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பரவும் ஆற்றலை இழப்பது. தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாக இருந்த நிலையை, தேசிய அளவில், 2005 இறுதியில் இந்தியா கடந்தது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019-இல் நீக்கப்பட்டன. சட்டம் கைவிட்ட அச்சத்தைச் சமூகமும் கைவிடுதல் வேண்டும். சோரியாசிஸ் நோயாளரை விலக்கச் சட்டம் எக்காலத்தும் இருந்ததில்லை. ஆயினும் திருமணப் பேச்சிலும், விடுதி அறையிலும், உணவுக்கூடத்திலும், முடிதிருத்தும் நிலையத்திலும் எழுதாச் சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. உலக சுகாதாரப் பேரவை 2014-இல் சோரியாசிஸ் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றி, இந்நோயாளர் ஒதுக்கப்படுவதைத் தடுக்க நாடுகளை வேண்டியது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்று மதிப்பிட்டது. இந்தியாவில் வயதுவந்தோரிடையே இது 0.44 முதல் 2.8 விழுக்காடு வரை காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

மருந்துகளின் வரிசை

சோரியாசிஸை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் அதனை அடக்கியாளும் மருந்துகள் பல உள்ளன. நீரிழிவும் குருதியழுத்தமும் எவ்வாறு ஆளப்படுகின்றனவோ அவ்வாறே இதுவும் ஆளப்படற்பாலது. இவ்வுண்மையை முதல் நாளே நோயாளிக்கு எடுத்துச் சொல்லாவிடின், முழுக் குணம் தருவதாக விளம்பரம் செய்வோரைத் தேடி அவர் அலைவது இயல்பே.

நோய் சிறிய அளவில் இருப்பின் மேற்பூச்சே போதும். தேங்காயெண்ணெய், வெள்ளை வாஸ்லின் போன்ற மலிவான பூச்சுகள் குளித்தவுடன் தடவப்படின் வறட்சியும் வெடிப்பும் குறையும். செதிலை நெகிழ்விக்கச் சாலிசிலிக் அமிலக் களிம்பும், அழற்சியைத் தணிக்க நிலக்கரித் தாரும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. வைட்டமின் டி வகைக் களிம்புகளும், மருத்துவர் குறித்த அளவிலும் காலத்திலும் ஸ்டீராய்டு களிம்புகளும் உதவும்.

திட்டுகள் பரவலாக இருப்பின் புறஊதாக் கதிர் சிகிச்சை தரப்படும். 311 நானோமீட்டர் அலைநீளம் உடைய கதிர் இதற்கு மிகுதியும் ஏற்றது. வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, சில மாதங்கள் இதனைத் தொடர வேண்டும். இங்கு ஒரு நடைமுறைத் தடை எழுகிறது. சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள குப்பத்திலிருந்து தொலைவு மிகப் பெரிது. வாரம் மூன்று நாள் கூலியை இழந்து பேருந்தில் வந்து செல்ல எத்தனை பேரால் இயலும்? சிகிச்சை இலவசமாயினும் பயணமும் இழந்த கூலியும் இலவசமல்ல. காலை வெயிலில் அளவாக நிற்பது பலருக்கு ஓரளவு பயன் தரும்; ஆனால் தோல் கன்றும் அளவுக்கு நிற்பது நோயைப் பெருக்கும்.

அடுத்த படியில் நிற்பது மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. இதன் வரலாற்றில் ஆந்திர மண்ணுக்கும் சென்னைக்கும் பங்குண்டு. 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்ற டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலம் பற்றிய ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். அவ்வாய்விலிருந்து, ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் முதலிய மருந்துகள் பிறந்தன. சுப்பாராவ் 1948-இல் மறைந்தார். 1951-இல் மூட்டு நோய்க்காக அமினோப்டெரின் உண்ட நோயாளர் சிலரின் சோரியாசிஸும் தணிவதை அமெரிக்க மருத்துவர்கள் கண்டனர். அதன் உறவான மெத்தோட்ரெக்ஸேட் பின்னர் அவ்விடத்தைப் பெற்றது. இன்றும் கடுமையான சோரியாசிஸுக்கு ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்கும் முதன்மை மருந்து அதுவே.

இம்மருந்தைக் குறித்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்திற்கு ஒருமுறை மட்டும் உண்ண வேண்டிய மாத்திரை. தவறுதலாக நாள்தோறும் உண்டால் எலும்பு மஜ்ஜையில் குருதியணு உற்பத்தி குன்றும், வாய் புண்ணாகும், உயிருக்கே கேடு நேரும். மருந்துச் சீட்டில் வாரம் ஒருமுறை என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தக் கிழமை என்பதைத் தெலுங்கிலோ தமிழிலோ, நோயாளி படிக்கும் மொழியில் எழுதித் தருதல் வேண்டும். எழுத்தறியாதவருக்கு வீட்டிலுள்ள ஒருவரிடம் விளக்குதல் வேண்டும். மருந்து தொடங்குமுன்னும் அதன்பின் உரிய இடைவெளிகளிலும் குருதி, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள் தேவை. மதுவை அறவே விடுதல் வேண்டும். கருவுற்றோரும் கருவுற விரும்புவோரும் இதனை உண்ணலாகாது.

இதற்கும் அடங்காத நோய்க்கு உயிரியல் மருந்துகள் வந்துள்ளன. அழற்சிப் புரதங்களை நேரடியாகத் தடுக்கும் ஊசிகள் இவை. பெங்களூரின் பயோகான் நிறுவனம் உருவாக்கிய இட்டோலிசுமாப் 2013-இல் இந்தியாவில் சோரியாசிஸுக்கு ஒப்புதல் பெற்றது. பிற நாட்டு ஊசிகளுக்கு நிகரான உள்நாட்டுத் தயாரிப்புகளும் வந்து விலை ஓரளவு குறைந்திருக்கிறது. எனினும் பெரும்பாலோர்க்கு அது எட்டாக்கனியே. இவற்றைத் தொடங்குமுன் உடலில் காசநோய் மறைந்திருக்கிறதா எனச் சோதித்தல் நம் நாட்டில் தவிர்க்கலாகாத விதி.

சித்த மருத்துவத்தில் வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காய்ச்சும் தைலம் இந்நோய்க்குப் பெயர் பெற்றது. முறைப்படி பயின்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரின் மேற்பார்வையில் அதனைப் பயன்படுத்துவது வேறு. பெயரற்ற பொட்டலத்தை நம்புவது வேறு. எந்த முறையைப் பின்பற்றினும், உண்ணும் மருந்துகள் யாவற்றையும் மருத்துவரிடம் மறைக்காது கூறுதல் நன்று.

விரைந்த குணம் என்னும் கண்ணி

ஒரே வாரத்தில் தோலைத் தெளிவாக்கிக் காட்டும் ஊசியோ பொடியோ நோயாளிக்குப் பெருமகிழ்ச்சி தரும். அத்தகைய மருந்துகளிற் பலவற்றில் மறைந்திருப்பது ஸ்டீராய்டு. அதனை உண்டு, பின் திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாக மீளும். உடல் முழுதும் சிவந்து உரிவதும், காய்ச்சலோடு சீழ்க்கொப்புளங்கள் பரவுவதும் நேரலாம். இவை உடனே மருத்துவமனையில் சேர்க்கத்தக்க நெருக்கடி நிலைகள். கடையில் தாமே வாங்கிப் பூசும் வலிய ஸ்டீராய்டு களிம்புகளும் தோலை மெலிவித்துத் தழும்பு உண்டாக்கும். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மைய அரசு 2018-இல் சேர்த்தது. இவ்விதி ஊர்க் கடை வரை செயற்படுகிறதா என்பதைக் கண்காணிப்பது மருந்து ஆய்வாளர்களின் பொறுப்பு.

கடும் பத்தியமும் இத்தகைய ஒரு கண்ணியே. கத்தரிக்காய், கருவாடு, முட்டை என ஒவ்வொன்றாக விலக்கி, ஏழை நோயாளி மேலும் மெலிவதே சில வீடுகளில் மிச்சம். எல்லார்க்கும் பொருந்தும் விலக்குணவு எதுவும் இந்நோய்க்கு நிறுவப்படவில்லை. பருத்தவர் எடையைக் குறைத்தலும், மதுவையும் புகையிலையையும் விடுதலும் பயன் தருவன.

அலுவலர் செய்யத்தக்கவை

சோரியாசிஸ் தோலோடு நின்றுவிடும் நோயன்று. நோயாளரில் ஒரு பகுதியினருக்கு மூட்டுகள் வீங்கும். காலையில் விரல்கள் மடங்கா. காலத்தில் கவனியாவிடின் மூட்டுகள் நிலையாகச் சிதையும். நீரிழிவு, மிகு குருதியழுத்தம், இதயநோய், மனச்சோர்வு ஆகியவையும் இவர்களிடம் மிகுதி. 2010-இல் தொடங்கப்பட்ட தொற்றா நோய்த் தடுப்புத் தேசியத் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குருதியழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. தோல் நோயாளியையும் அவ்வரிசையில் நிறுத்திப் பார்ப்பதற்குப் புதிய கட்டடமோ புதிய பதவியோ தேவையில்லை.

திருப்பதியில் 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும், அதனைச் சார்ந்த ரூயா மருத்துவமனையும் இப்பகுதி முழுவதற்கும் துணையாக உள்ளன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும் சித்தூர் மக்கள் அங்குச் செல்வது குறையவில்லை. நோயை உறுதி செய்வதும் கடும் நோய்க்கு மருந்து தொடங்குவதும் அங்கு நடைபெறலாம். மாதந்தோறும் மருந்து வழங்குவதும் குருதிச் சோதனையும் ஊருக்கு அருகில் நடைபெறுதல் வேண்டும். 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனி தொலைமருத்துவ ஏற்பாட்டின் மூலம் இடையிடையே வல்லுநரின் ஆலோசனையைப் பெறலாம். மனச்சோர்வுற்றோருக்கு 2022 முதல் இயங்கும் டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416 இருப்பதையும் தெரிவித்தல் நலம்.

பள்ளித் தலைமையாசிரியரும் விடுதிக் காப்பாளரும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். சோரியாசிஸ் உள்ள பிள்ளைக்குத் தனித் தட்டு, தனிப் பாய், தனி இருக்கை எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது, தொண்டைப் புண் வந்தால் உடனே மருத்துவம். குளித்தபின் எண்ணெய் தடவச் சிறிது நேரம். பிறர் முன்னிலையில் வினவப்படாமை. ஆலை நடத்துவோர், கை வெடித்த தொழிலாளியை வெளியேற்றுவதற்கு மாறாக, பருத்தி உள்ளுறை கொண்ட கையுறையும் ஈரம் குறைந்த பணியும் தரலாம். முடிதிருத்துவோர்க்கு இந்நோய் பற்றி விளக்கும் பணியைச் சுகாதாரத் துறை மேற்கொள்ளலாம். ஊரில் தலையில் தோன்றும் நோயை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவரே. மாணவர்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 29-இல் வரும் உலக சோரியாசிஸ் நாளை, தம் ஊரில் ஒரு பொய்யையேனும் நீக்கும் நாளாகக் கொள்ளலாம்.

இவற்றுள் பெரும்பாலானவை பெருஞ்செலவு வேண்டாதவை. சரியான பெயர், வாரத்தில் சரியான கிழமையில் உண்ணும் மாத்திரை, வீட்டுக்கு அருகில் தடையின்றிக் கிடைக்கும் மருந்து, அஞ்சி விலகாத அண்டை வீட்டார் ஆகிய இந்நான்கும் அமையின் நோயாளி உழைக்கவும், மணம் புரியவும், பிள்ளைகளை வளர்க்கவும் தடையொன்றும் இல்லை. கல்யாணகட்டாவின் வரிசையில் துண்டை எடுக்கத் தயங்கி நிற்பவர் தயங்காது அமர்ந்து, கீறல் படாமல் மழிக்கும்படி கேட்டு, மற்றவரோடு மற்றவராக எழுந்து செல்லும் நிலை வருதல் வேண்டும். அந்நிலையை உண்டாக்குவதில் மருத்துவருக்கு உள்ள பங்கிற்குக் குறைந்ததன்று, ஏனையோரின் பங்கு.